மலையகத்தில் முதல் கேமிங் கணினி: மூன்று வழிகளும் அவற்றின் மறைசெலவும்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ முதல் கேமிங் கணினிக்குக் காசு சேர்ப்பவரிடம் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். யூடியூபில் கேட்டது பாதி, கொழும்புக் கடையின் விலைச்சீட்டு பாதி, நடுவில் நண்பன் ஒருவன் வட்டம் போட்டுக் கொடுத்த இரண்டு மூன்று மொடல்கள். அதைக் காட்டி எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இதெல்லாம் ஒன்றோடொன்று சேருமா?

சிப்பும் (கணினியின் மூளையான பிராசசர்) மதர்போர்டின் சொக்கெட்டும் சேருமா என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. ஆறு மாதம் கழித்து வாங்கப்போகும் கிராபிக்ஸ் கார்ட் இன்று வாங்கும் சிப்போடு சேருமா? பவர் சப்ளை உங்கள் வீட்டுக் கரண்டைத் தாங்குமா? ஒரு பாகம் வாரண்டிக்குக் கொழும்புக்குப் போனால் மிச்சத்தை வைத்து வேலை ஓடுமா? கீழே உள்ள மூன்று வழிகளையும் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: இரண்டாவதாக வாங்கப்போகும் பாகம் எது என்று முடிவு செய்யாமல் முதல் பாகத்துக்குக் காசு கட்ட வேண்டாம்.

ரூபா விலை எதையும் இங்கே எழுதவில்லை. டொலர் ஒரு பக்கம். 2025 கடைசிப் பகுதியிலிருந்து உலகம் முழுவதும் ஏறிய ரேம் விலை இன்னொரு பக்கம். இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும். விலை கேட்கும்போது 18 வீத வற் வரி சேர்ந்ததா, வங்கிக் கார்டில் கட்டினால் மேலதிகமாக ஏதும் அறவிடுவார்களா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விளையாடப்போவது எது. வேலரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5, ஃப்ரீ ஃபயர் எமுலேட்டர் இவ்வளவுதான் என்றால் கதை வேறு. புதிதாக வரும் பெரிய கேம்களையும் 1080பியில் ஆட வேண்டும் என்றால் கதை வேறு. 2024க்குப் பிறகு வந்தவற்றில் சில, ரே ட்ரேசிங் (ஒளி, நிழலைக் கணிக்கும்) வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே மாட்டா. பழைய ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் அங்கே கதவுக்கு வெளியேதான்.

காசு எப்படி வருகிறது. சீட்டு விழும் மாதம், தீபாவளி முற்பணம் என்று இரண்டு தவணையாக வரும் காசுக்கு ஒரு வகைக் கணினி பொருந்தும். ஒரே தடவையில் முழுக் காசும் கையில் இருப்பவருக்கு இன்னொரு வகை.

கார்ட் இல்லாத நாட்கள். பாகங்கள் பெரும்பாலும் கண்டியிலிருந்தோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கத்துக் கடைகளிலிருந்தோ வருகின்றன. கார்ட் பழுதானால் கொழும்புக்காரர் மாலையில் கொண்டுபோய்க் கொடுப்பார். தலவாக்கலைக்காரருக்கு ஒரு நாள் பயணம், பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. அதே கணினியில்தான் தங்கச்சி ஏ/எல் பாடங்களைப் பார்க்கிறாள் என்றால், சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை.

மின் பில். வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யுனிட் என்பது பெரிய எல்லைக்கோடு. தாண்டினால் முதல் 60 யுனிட்டுக்கும் கூடிய வீதத்தில் கணக்கு வரும். 55 யுனிட்டில் ஓடும் வீட்டில் 20 யுனிட் கூடினால், பில் 20 யுனிட்டுக்கு மட்டும் ஏறாது.

விண்டோஸ். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (கணினிக்குள் இருக்கும் பாதுகாப்பு வசதி) வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். வேலரண்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்காவிட்டால் திறக்காது.

## ஒரே பார்வையில்

| | பாவித்த அலுவலக டவர் + சிறு கார்ட் | ரைசன் 5 5600ஜி, கார்ட் பிறகு | ஐ3-12100 அல்லது ஐ5-12400 + கார்ட் ஒரேயடியாக |
|---|---|---|---|
| முதல் நாள் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| கார்ட் இல்லாமல் திரை வருமா | வரும் | வரும், கேமும் ஆடலாம் | பெயரின் கடைசியில் எஃப் இல்லாத மொடலில் மட்டும் |
| கார்ட் இணைப்பு | பிசிஐஇ 3.0 | பிசிஐஇ 3.0 | பிசிஐஇ 4.0 |
| பொருந்தும் கார்ட் | ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி | ஆர்எக்ஸ் 6600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் | ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 |
| தவிர்க்க வேண்டிய கார்ட் | ஆர்எக்ஸ் 6400, ஆர்க் ஏ380 | ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 | 4 ஜிபி கார்ட் எதுவும் |
| கேம் ஆடும்போது எடுக்கும் மின் (மொனிட்டர் நீங்கலாக) | சுமார் 140 வாட் | கார்ட் இல்லாமல் சுமார் 90 வாட் | ஆர்எக்ஸ் 6600 உடன் சுமார் 230 வாட் |
| தினம் 3 மணிநேரம், மாதத்துக்கு | 12–13 யுனிட் | சுமார் 8 யுனிட் | சுமார் 21 யுனிட் |
| பிறகு மாற்ற முடியாதது | போர்ட் (மதர்போர்ட்), பவர் சப்ளை, கேசிங் | கார்ட் இணைப்பின் வேகம் | ரேம் சொக்கெட் இரண்டே |

## வழி 1: பாவித்த அலுவலக டவர்

அலுவலகங்கள் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள் கண்டியிலும் கொழும்பிலும் நிறையக் கிடைக்கின்றன. உறுதியானவை, சத்தம் குறைந்தவை. குறைந்த காசில் கேமிங் என்றதும் எல்லோரும் முதலில் இங்கேதான் வருகிறார்கள். மூன்று வழிகளிலும் பொருத்தச் சிக்கல் அதிகமாக ஒளிந்திருப்பதும் இங்கேதான்.

முதலில் தலைமுறையைப் பாருங்கள். ஐ5-6500 என்றால் 6ஆம் தலைமுறை, ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை. முன்னது நான்கு கோர், பின்னது ஆறு. விலை வித்தியாசம் மனதை இழுத்தாலும் 8க்குக் கீழே இறங்க வேண்டாம். விண்டோஸ் 11 அங்கேதான் அடைபடுகிறது. "இப்போதைக்கு 6ஆம் தலைமுறையை எடுத்துப் பிறகு 8 போட்டுக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொல்வார். இரண்டுமே எல்ஜிஏ 1151 சொக்கெட்தான், சிப் உள்ளேயும் உட்காரும். ஆனால் கணினி உயிர் பெறாது.

அடுத்தது உடல் அளவு. ஒரே மொடல் பெயரில் மூன்று அளவு வரும். உள்ளங்கை அளவுப் பெட்டியில் கார்ட் போடவே இடமில்லை, ரேமும் மடிக்கணினி ரேம், அதை விட்டுவிடுங்கள். ஒல்லியான பெட்டியில் அரை உயரக் கார்ட்தான் நுழையும். அரை உயரத் தகடும் கூடவே வருகிறதா என்று கேட்காமல் வாங்கினால் கார்டைத் தொங்கவிட வேண்டியதுதான். முழு உயர டவர் கிடைத்தால் அதையே எடுங்கள்; அரை உயர ஜிடிஎக்ஸ் 1650ஐத் தேடி அலையும் பாடும் மிச்சம், அதற்குக் கொடுக்கும் மேல்காசும் மிச்சம்.

பவர் சப்ளை பெரும்பாலும் 200 முதல் 260 வாட். கார்டுக்கென்று 6 முனை வயர் இருக்காது. ஆகவே போர்டில் கார்ட் குத்தும் சொக்கெட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் ஓடும் கார்ட்தான் வேண்டும்: மேல் விளிம்பில் வயர் குத்தும் இடம் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650, அல்லது 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 1650 என்ற பெயரிலேயே 6 முனை கேட்கும் மொடல்களும் உண்டு. படத்தைப் பார்த்து வாங்காமல், மேல் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்.

இங்கே ஆபத்தான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஹாட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து 6 அல்லது 8 முனைக்கு மாற்றும் மலிவான கேபிள் எங்கும் கிடைக்கும். சாட்டா முனை 12 வோல்டில் தாங்குவது 54 வாட். 8 முனை கேட்கும் கார்ட் 150 வாட் வரை அந்த வழியாக இழுக்கக்கூடியது. முதல் வாரம் ஓடும்; பிறகு பிளாஸ்டிக் உருகும் வாசம் வரும்.

ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், அரை உயரத்திலும் வருகிறது. இந்தப் பெட்டிகளுக்கென்றே செய்ததுபோல் தெரியும். ஆனால் அதற்கு நான்கு லேன்தான் (போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே தரவு போகும் தடங்கள்). பிசிஐஇ 4.0இல் அது போதும். இந்த டவர்களின் 3.0இல் வழி பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பும் கேம்களில் ஆட்டம் இழுத்து இழுத்து ஓடும். ஜிடிஎக்ஸ் 1650க்கு 16 லேன் இருப்பதால் பழைய போர்டில் இந்தத் தொல்லை இல்லை. இன்டெல் ஆர்க் ஏ380க்கு ரீசைசபிள் பார் என்ற போர்ட் வசதி வேண்டும். பழைய அலுவலகப் போர்ட்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

மறைசெலவு: எஸ்எஸ்டி, இரண்டாவது ரேம், வைஃபை டொங்கிள். பழைய மொனிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் அடாப்டரும் சேரும். பெரிய செலவு கடைசியில் வரும். போர்டின் பவர் முனையும் முன்பக்க பட்டன் வயரும் அந்தந்தக் கொம்பனியின் சொந்த வடிவம் என்பதால், இந்த டவரை "மெல்ல மெல்ல" பெரிதாக்க முடியாது. இரண்டு வருடம் கழித்து எஸ்எஸ்டியும் கார்டும், அதிர்ஷ்டம் இருந்தால் ரேமும்தான் கூட வரும்.

இது யாருக்கு நல்லது: மொத்தக் காசு குறைவு, ஆடுவது வேலரண்ட், ஜிடிஏ 5 அளவு, மிச்ச நேரம் படிப்பு வேலை. சின்ன யூபிஎஸ்ஸே இதற்குப் போதும், பில்லும் பயமுறுத்தாது.

## வழி 2: ரைசன் 5 5600ஜி, கார்ட் அடுத்த தவணையில்

ஆறு கோர், 65 வாட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ். பெட்டியில் கூலரும் வரும். வேலரண்ட் 1080பியில் தாராளமாக ஓடும். சிஎஸ்2, ஜிடிஏ 5 அமைப்புகளைக் குறைத்தால் ஓடும். பெரிய புதுக் கேம்களுக்கு 720பிக்கு இறங்கினாலும் சிரமம். காசு இரண்டு தவணையாக வருபவருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை. ஒரு நிபந்தனை உண்டு: முதல் தவணையில் ரேம், போர்ட், பவர் சப்ளை மூன்றையும் சரியாக எடுத்திருக்க வேண்டும்.

ரேம்தான் இங்கே உயிர். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமையே பகிர்ந்துகொள்கிறது. ஒற்றை 16 ஜிபி போட்டால் ஒரு சானல்தான் திறக்கும். கேமில் மூன்றில் ஒரு பங்கு வேகம் போனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு 8 ஜிபி, டிடிஆர்4 3200, ஒரே மொடல் சோடி. நான்கு சொக்கெட் உள்ள போர்டில் சிப்பிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பயோஸில் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2133 அல்லது 2400இல் ஓடிக்கொண்டிருக்கும்; மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கியபின் விண்டோஸுக்கு 14 மிஞ்சும். மொத்தமே 8 ஜிபி என்றால் மிஞ்சுவது 6. அதில் குரோமும் கேமும் சேர்ந்து வாழாது.

போர்டுக்கு பி450, பி550 இரண்டும் பொருந்தும். கடையில் பல வருடம் கிடந்த பி450 போர்டில் பழைய பயோஸ் இருந்தால் 5600ஜியை அடையாளம் காணாது. திரை கறுப்பாகவே இருக்கும். ஆரம்பகால பி550 சிலவற்றிலும் இதே கதை. தீர்வு சுலபம்தான், ஆனால் அதைச் செய்யப் பழைய சிப் ஒன்று வேண்டும், அல்லது சிப் இல்லாமலே யூஎஸ்பியிலிருந்து பயோஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்ட் வேண்டும். அது இல்லாத போர்டைக் கூரியரில் நாவலப்பிட்டிக்கு வரவழைத்துவிட்டுக் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருப்பதைவிட, கடையிலேயே பயோஸ் ஏற்றித் தரச்சொல்வது மேல்.

இப்போது இரண்டாவது தவணை. 5600ஜி என்ன போர்டில் இருந்தாலும் கார்ட் வழி பிசிஐஇ 3.0தான், பி550 வாங்கினாலும் 4.0 ஆகாது. எட்டு லேன் கொண்ட ஆர்எக்ஸ் 6600க்கு இதனால் சொல்லத்தக்க இழப்பு இல்லை. நான்கே லேன் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு பலத்த அடி. மலிவுக் கார்ட் என்று தேடும்போது அதுவே முதலில் கண்ணில் படும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: 5600ஜி வைத்திருப்பவர் 6500 எக்ஸ்டியைத் தொடவே வேண்டாம். அதில் வீடியோ பதிவுக்கான என்கோடரும் இல்லை. கேமைப் பதிவு செய்து போட நினைப்பவருக்கு இரட்டை நட்டம்.

மறைசெலவு இன்னொன்று. 5600ஜியின் எல்3 கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, சாதாரண 5600இல் 32 எம்பி. கார்ட் போட்டபின் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 5600 முந்தும். கார்ட் அடுத்த மாதமே வரப்போகிறது என்றால் 5600ஜிக்கு அர்த்தமில்லை. ஒரு மாதம் பொறுத்து 5600 எடுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும் என்றால் 5600ஜி.

பவர் சப்ளையையும் இன்றே 550 வாட்டில் எடுத்துவிடுங்கள். "இப்போது கார்ட் இல்லைதானே" என்று கேசிங்கோடு வரும் மலிவு சப்ளையை வைத்துக்கொண்டால், கார்ட் வாங்கும் நாளில் இன்னொரு முறை அதே பொருளுக்குக் காசு போகும்.

## வழி 3: இன்டெல் 12ஆம் தலைமுறை, கார்டோடு ஒரேயடியாக

முழுக் காசும் கையில் இருந்தால், மூன்றிலும் பொருத்தத் தலைவலி குறைந்தது இதுதான். எச்610 போர்டும் 12ஆம் தலைமுறைச் சிப்பும் எந்தப் பயோஸிலும் ஒன்றையொன்று அறியும். 13, 14ஆம் தலைமுறைச் சிப்பை எடுத்தால்தான் பயோஸ் பழசா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்தைக் கவனியுங்கள். 12100எஃப், 12400எஃப் இரண்டிலும் உள் கிராபிக்ஸ் இல்லை. போர்டின் எச்டிஎம்ஐ துளை வெறும் அலங்காரம். யூடியூபில் எல்லோரும் எஃப்பையே சொல்வார்கள், அது மலிவு என்பதால். கொழும்பில் இருப்பவருக்கு அது சரியான ஆலோசனை. மஸ்கெலியாவிலோ பதுளையிலோ இருப்பவர் கொஞ்சம் கூடக் கொடுத்து எஃப் இல்லாததை எடுப்பதே புத்தி. கார்ட் வாரண்டிக்குப் போன மாதத்தில் ஒன்லைன் வகுப்பும் அசைன்மென்டும் நிற்காது. கோளாறு கார்டிலா போர்டிலா என்று கண்டுபிடிக்கவும் அது உதவும்: கார்டைக் கழற்றிப் போர்டில் திரை வந்தால் குற்றவாளி யார் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். வீண் பயணம் ஒன்று மிச்சம்.

ஐ3-12100 நான்கு கோர், எட்டு த்ரெட். ஐ5-12400 ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். காசு இறுக்கமாக இருந்தால் ஐ3யும் ஆர்எக்ஸ் 6600உம் எடுங்கள். ஐ5 எடுத்துவிட்டு 4 ஜிபி கார்டுக்கு இறங்க வேண்டாம். சிப்பைப் பிறகு மாற்றலாம், பலவீனமான கார்ட் முதல் நாளிலிருந்தே உறுத்தும். திருமண வீடியோ எடிட்டிங்கும் செய்து காசு பார்க்க நினைப்பவர் மட்டும் ஐ5இல் தொடங்கட்டும்.

எச்610இல் கவனிக்க வேண்டியவை மூன்று. டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் விற்கப்படுகின்றன; ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறி வாங்கினால் நுழையாது. ரேம் சொக்கெட் இரண்டே என்பதால் இரண்டு 8 ஜிபி போட்டால் கணக்கு முடிந்தது. 32க்குப் போக நினைத்தால் பழையதை விற்க வேண்டும். மூன்றாவது கூலர். "ட்ரே" என்று மலிவாக விற்கும் சிப்போடு கூலர் வராது. எல்ஜிஏ 1700இன் திருகுத் துளைகள் அகலமானவை என்பதால் பழைய இன்டெல் கூலரும் உட்காராது.

கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 முனை வயர். 1080பியில் பெரும்பாலான கேம்களை உயர்ந்த அமைப்பில் ஓட்டும். மொத்தக் காசில் 35 முதல் 40 வீதம் கார்டுக்கே போகட்டும். பத்து வீதத்தைப் பவர் சப்ளைக்கு ஒதுக்குங்கள். மினுக்கும் மின்விசிறிக்கும் கண்ணாடிக் கேசிங்குக்கும் மிஞ்சினால் பார்க்கலாம்.

ஏஎம்டி பக்கமே போக நினைப்பவருக்கு இதே வழியில் ரைசன் 5 5600உம் பி550 போர்டும் ஈடானவை. உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஏஎம்டியின் புதுச் சொக்கெட்டான ஏஎம்5 எப்படி என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல தளம்தான்; 2027 வரையும் அதற்கு அப்பாலும் அதைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு டிடிஆர்5 மட்டுமே ஆகும், இன்றைய ரேம் விலையில் முதல் கணினிக்குப் பாரம். அதிலும் மலிவான 8500ஜி சிப் பக்கம் போக வேண்டாம், கார்டுக்கு அது தருவது நான்கே லேன்.

## பவர் சப்ளை: மூன்று வழிக்கும் பொதுவான சோதனை

"500 வாட்" என்ற எழுத்தை நம்பாமல் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் சிப்புக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது. 20 ஆம்பியர் என்றால் 240 வாட், வெளியே 500 என்று எழுதியிருந்தாலும். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். வழி 3க்கு அது போதும். கையில் தூக்கும்போது வெறும் தகரப்பெட்டிபோல் இலேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அதே லேபிளில் உள்ளீட்டு வோல்டையும் பாருங்கள். மலையகத்துக்கு இது முக்கியம். நீண்ட லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் அடுப்பும் அயன்பொக்ஸும் போடும் நேரத்தில், 230 வோல்ட் என்பது பெயரளவில்தான். 200–240 என்று எழுதிய சப்ளை அந்நேரம் திடீரென ரீஸ்டார்ட் ஆகும். ஆள் கார்டைச் சந்தேகித்துக் கொழும்புக்கு அனுப்புவார். 100–240 என்று எழுதிய, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சப்ளை அதே இறக்கத்தைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். 80 பிளஸ் பிரோன்ஸ் என்ற மின்திறன் முத்திரை இருந்தாலும் சிலவற்றில் 200–240தான் எழுதியிருக்கும். ஆகவே முத்திரையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

எர்த். பழைய லயன் வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாத பிளக் பொயின்ட் சாதாரணம். அப்படியான இடத்தில் கேசிங்கைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென ஏறும். பவர் சப்ளையின் வடிகட்டிக் கபாசிட்டர்களிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேசிங்கில் நிற்பதுதான் காரணம். சப்ளை பழுதென்று நினைத்து மாற்றினால் புதியதும் அப்படியே செய்யும். சதுர முனைப் பிளக்கை உருண்டைத் துளைக்குள் திணிக்கும் எர்த் இல்லாத மலிவு அடாப்டர்களும் இதே வேலையைச் செய்கின்றன. தகுதியுள்ள மின்காரரைக் கொண்டு எர்த் கம்பி அடித்து, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது கணினி விலையில் சிறு பங்குதான். இதைப் பட்ஜெட்டில் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இடி மழை, குறிப்பாக மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பிற்பகல்களில். இடி கேட்டால் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும் சேர்த்து. சேர்ஜ் காப்புள்ள மல்டிபிளக்கும் எர்த் இல்லாவிட்டால் பாதி வேலைதான் செய்யும்.

யூபிஎஸ்: 650 விஏ என்பது பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரை. வழி 1, 2க்குப் போதும். வழி 3இல் கேம் நடுவில் கரண்ட் போனால், சேமித்துவிட்டு அணைக்க இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும், அவ்வளவே. 1000 விஏ இருந்தால் நிம்மதி. மலிவு யூபிஎஸ்ஸின் அலை வடிவத்தோடு ஆக்டிவ் பிஎஃப்சி சப்ளைகள் சில ஒத்துப்போகாமல் அணைந்துவிடும். வாங்கிய வாரத்திலேயே, கேம் ஓடும்போது சுவர் பிளக்கைக் கழற்றிச் சோதித்துவிடுங்கள்.

## குளிரும் ஈரமும்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் அறை வெப்பம் கொழும்பைவிடப் பல பாகை செல்சியஸ் குறைவாக இருப்பது சாதாரணம். பெட்டியோடு வரும் கூலர் இங்கே தாராளமாகப் போதும். தனிக் கூலருக்கு வைத்த காசை ரேமுக்குத் திருப்புங்கள். கண்டி, பதுளை வெப்பத்துக்கு இந்தச் சலுகை இல்லை, பின்பக்க மின்விசிறி ஒன்றாவது போடுங்கள்.

குளிரோடு ஈரமும் வரும். பனிமூட்டம் உள்ளே வரும் ஜன்னலோரம் வேண்டாம், சீமெந்துத் தரையும் வேண்டாம். அரை அடி உயர மேடை போதும். வாரக்கணக்கில் அணைத்து வைப்பதைவிட அடிக்கடி ஓட்டுவது பாகங்களுக்கு நல்லது, அந்தச் சூடே ஈரத்தை உலர்த்திவிடும்.

## பாவித்த கார்ட் வாங்குவதென்றால்

கிரிப்டோ மைனிங்கில் ஓடிய ஆர்எக்ஸ் 580 இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. விலை ஆசை காட்டும். 185 வாட் இழுக்கும் என்பதால் பில்லில் திருப்பிக் கேட்கும். இதன் ஒரு வகையில் 2304க்குப் பதில் 2048 கோர்தான் இருக்கும். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் தெரியும். ஏஎம்டி இந்த வரிசைக்கு டிரைவரை அடிக்கடி புதுப்பிப்பதில்லை. ஜிடிஎக்ஸ் 1060, 1070 போன்ற 10 வரிசைக் கார்ட்களுக்கும் என்விடியாவின் வழக்கமான கேம் டிரைவர் 2025 ஒக்டோபரோடு நின்றது; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் சில காலம் வரும். 1650உம் 1660உம் அதற்கடுத்த தலைமுறை, அவற்றுக்கு அந்த வெட்டு விழவில்லை. பாவித்ததில் எடுப்பதென்றால் 1660 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600. ஃபர்மார்க்கை (கார்டைச் சோதிக்கும் மென்பொருள்) 20 நிமிடம் ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

## காசு கட்டுமுன், ஏற்றுமுன்

கடையிலேயே பாகங்களைப் பூட்டச் சொல்லுங்கள். திரை வந்ததும் பயோஸில் மூன்றைப் பாருங்கள்: ரேம் இரண்டும் தெரிகிறதா, எக்ஸ்எம்பி இயங்குகிறதா, எஸ்எஸ்டி என்விஎம்இ (வேகமான வகை) என்று காட்டுகிறதா. எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் உண்டு, சில போர்ட் அதை ஏற்காது. மொனிட்டர் கேபிள் கார்டில் குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டில் குத்திவிட்டுக் கார்ட் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்கள் கொஞ்சப்பேர் இல்லை. ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கமும் பில்லில் இருக்கட்டும். பில்லைப் படம் பிடித்து வையுங்கள், வெப்பத்தால் அச்சாகும் பில் தாளின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

4ஜி ரவுட்டர் மட்டும் உள்ள வீடென்றால் 100 ஜிபி கேம் ஒன்றே மாதப் பெக்கேஜைத் தின்றுவிடும். ஸ்டீமில் ஒரே வைஃபையில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து கேமை நகலெடுக்கும் வசதி 2023 முதல் உண்டு. நண்பன் வீட்டுக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போவது டேட்டா போடுவதைவிட மலிவு.

பஸ்ஸில் கொண்டுவருவதானால் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வையுங்கள். கடுகண்ணாவை வளைவுகளிலும் கினிகத்தேனை ஏற்றத்திலும் ஆடி ஆடி வரும் கார்ட், அது குத்தியிருக்கும் போர்ட் சொக்கெட்டில் வெடிப்பு விழச் செய்யலாம். கேசிங்கைப் படுக்க வைத்து, போர்ட் கீழே இருக்குமாறு மடியிலோ இருக்கையிலோ கொண்டுவாருங்கள். வீடு வந்ததும் உடனே போட வேண்டாம். குளிரில் வந்த பெட்டியை அறையில் திறந்து இரண்டு மணிநேரம் வைத்து, உள்ளே ஈரம் படிந்திருந்தால் உலர்ந்தபின் கார்டைப் பூட்டி, 8 முனை வயர் 'டிக்' என்று உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.